ஆளுநர் கட்டிய கோட்டை, உள்ளாட்சியின் சொத்து

தெற்குப் போலந்தில் உயாஸ்த் ஒரு சிற்றூர். வயல்களைத் தாண்டி அதற்குள் நுழைபவரை, ஊருக்குச் சற்றும் பொருந்தாத பிரம்மாண்டம் ஒன்று எதிர்கொள்கிறது. கூரையில்லாத மாளிகை, ஐந்து மூலைகளிலும் கொத்தளங்கள், வரிசை வரிசையாக வெறுமையான சன்னல்கள். வாயிலின் ஒருபுறம் கல்லில் செதுக்கிய பெரிய சிலுவை, மறுபுறம் கோடரி. சிலுவை கட்டியவரின் கத்தோலிக்கப் பற்றைச் சொல்கிறது. கோடரி அவருடைய குலச் சின்னம். இரண்டும் சேர்ந்துதான் கோட்டைக்குப் பெயர்: க்ஷிஷ்டோபூர்.

கட்டியவர் க்ஷிஷ்டோஃப் ஒஸோலின்ஸ்கி. 1638-இல் சாண்டோமியெஷ் மாகாணத்தின் ஆளுநரான பெருநிலக்கிழார். கட்டுமானத்துடன் இணைத்துச் சொல்லப்படும் கட்டடக் கலைஞர் லொரென்சோ செனெஸ். வெளியே பீரங்கிக்கு அஞ்சாத அரண், உள்ளே நீள்வட்ட முற்றத்தைச் சுற்றி இத்தாலியப் பாணி அரண்மனை: அக்காலப் போலந்துப் பிரபுக்கள் இரண்டையும் ஒருசேர விரும்பினார்கள்.

அந்த ஆடம்பரத்தைச் சுற்றி ஏராளமான கதைகள் உலவுகின்றன. 4 கோபுரங்கள் பருவங்களுக்கு, 12 பெருங்கூடங்கள் மாதங்களுக்கு, 52 அறைகள் வாரங்களுக்கு, 365 சன்னல்கள் நாட்களுக்கு என்பது ஒன்று. விருந்துக் கூடத்தின் கண்ணாடிக் கூரைக்கு மேல் மீன்கள் நீந்தின, குதிரை லாயத்தில்கூட முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது என்பவை மற்றவை. இவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்று பிரிப்பது கடினம்.

வேலை 1644-இல் முடிந்தது. மறு ஆண்டே ஒஸோலின்ஸ்கி இறந்தார். அவர் மகன் 1649-இல் ஸ்போரூஃப் போரில் மாண்டார். 1655-இல் படையெடுத்து வந்த ஸ்வீடன் படை கோட்டையைப் பிடித்து, இரண்டாண்டுகள் தங்கிச் சூறையாடியது. அதன் பிறகும் சில பகுதிகளில் ஆட்கள் குடியிருந்தார்கள். 1770-இல் ரஷ்யப் படையுடன் நடந்த மோதலோடு அதுவும் நின்றது.

கோட்டை அசையாமல் நிற்க, உயாஸ்தின் முகவரி மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. 1795-இல் போலந்து மூன்றாம் முறை பங்கு போடப்பட்டபோது இப்பகுதி ஆஸ்திரியாவுக்குப் போனது. 1809-இல் வார்சா சிற்றரசு. 1815 முதல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகை. போலந்து விடுதலை பெற்ற பின்னும் எல்லைக் கோடுகள் மாறுவது ஓயவில்லை. 1975-இல் மாவட்டங்களை ஒழித்து நாட்டை 49 மாகாணங்களாகப் பிரித்தபோது, ஊர் டார்னோப்ஷெக் மாகாணத்தில் விழுந்தது. 1999-இல் மாகாணங்கள் 16 ஆகச் சுருங்கின, மாவட்டங்கள் திரும்பி வந்தன.

இப்போது உயாஸ்த் இருப்பது இவானிஸ்கா க்மினாவில். க்மினா என்பது போலந்து உள்ளாட்சியின் அடிப்படை அலகு. பல கிராமங்களைச் சேர்த்து நிர்வகிப்பது. அதற்கு மேலே ஓபாட்டூஃப் மாவட்டம். அதற்கும் மேலே ஷ்வியெந்தோக்ஷிஸ்கியெ மாகாணம். தலைநகர் கெல்ட்செ மேற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ளது. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இவானிஸ்காவுக்கும் இதே அலைக்கழிப்புதான். 1863 எழுச்சியை ஒடுக்கிய ரஷ்ய அரசு பல சிறு நகரங்களின் நகர உரிமையைப் பறித்தபோது அதுவும் கிராமமானது. மீண்டும் நகரமானது 2022-இல்தான்.

இந்த நிர்வாக ஏணியின் உச்சிப்படியில் இருந்தவர்கள் கோட்டைக்கு அதிகம் செய்துவிடவில்லை. 1980-களின் தொடக்கத்தில் உள்துறை அமைச்சகம் இதை அதிகாரிகளின் ஓய்வில்லமாக்க முனைந்தது. இராணுவச் சட்டம் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு மாகாண ஆளுநர் தன் பெருமைக்காக எழுப்பிய மாளிகை இன்று ஏணியின் கீழ்ப்படியில் இருக்கும் இவானிஸ்கா க்மினாவின் உடைமை. இடிபாட்டை வலுப்படுத்தி, மக்கள் உள்ளே நடமாட வழிசெய்து, சீட்டு கொடுத்துத் திறந்து வைத்திருப்பது அதன் நிர்வாகம்தான். முதல் சொந்தக்காரர் ஓராண்டுகூட நிம்மதியாக அனுபவிக்காத இடத்தை இப்போது யார் வேண்டுமானாலும் சுற்றிப் பார்க்கலாம்.