மூலவர் இல்லாத கோயில்

அன்புள்ள சின்ன மாமா,

அலுவலக வேலையாகக் கேம்பிரிட்ஜ் வந்து பத்து நாளாகிறது. வந்து இறங்கியதுமே 1994-இல் நமக்குள் நடந்த சண்டைதான் ஞாபகம் வந்தது. பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் 'தி டிவிஷன் பெல்' கேசட்டை நான் வாங்கி வந்த அன்று நீங்கள் அதைக் கையால்கூடத் தொடவில்லை. "ரோஜர் வாட்டர்ஸ் இல்லாத ஃப்ளாய்டா? மூலவர் இல்லாத கோயில்டா அது" என்றீர்கள். எனக்குப் பதினேழு வயது. பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

முழு ஆல்பத்துக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பாதிப் பாட்டு சுமார்தான். கடைசிப் பாட்டு 'ஹை ஹோப்ஸ்' மட்டும் வேறு ரகம். எட்டரை நிமிஷம். தூரத்தில் தேவாலய மணி, கூடவே தேனீயின் ரீங்காரம், அப்புறம் பியானோ. அதோடு ஒற்றை மணி ஒன்று ஒரே சுருதியில் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். நம் கச்சேரியில் தம்பூரா பின்னால் நிற்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைப் பாடிய டேவிட் கில்மோருக்கு அப்போது 48 வயது. பேர், பணம், தேம்ஸ் நதியில் படகிலேயே கட்டிய சொந்த ஸ்டூடியோ, எல்லாம் இருந்தது. அவர் பாடியதோ சின்ன வயதில் திரிந்த இந்தக் கேம்பிரிட்ஜைப் பற்றி. வரிகளில் பாலி சாம்சனும் கூட உழைத்தார். அந்த வருஷமே இருவருக்கும் கல்யாணம். ஆல்பத்தின் பெயரும் இந்தப் பாட்டின் வரியிலிருந்துதான் வந்தது. எடுத்துக் கொடுத்தவர் எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ்.

கில்மோர், வாட்டர்ஸ், சிட் பாரெட் மூவரும் வளர்ந்தது இந்த ஒரே ஊரில்தான். உங்களுக்குத் தெரியாததா? 1985-இல் வாட்டர்ஸ் விலகினார், பெயருக்காக வழக்கு வரைக்கும் போனார். குழுவுக்குப் பிங்க் ஃப்ளாய்ட் என்று பெயரே வைத்த சிட், 1968-இலேயே மனம் குலைந்து வெளியேறியவர். அந்தப் பாட்டு வந்தபோது அவர் இதே ஊரில்தான் இருந்தார் மாமா. ஓவியம், தோட்டம் என்று யாரையும் பார்க்காமல். 2006-இல் இங்கேயே இறந்துபோனார். கில்மோர் ஏங்கிப் பாடிய ஊரில் அவருடைய பழைய சிநேகிதன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது. நீங்கள் குறையாகச் சொன்ன அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான் பாட்டே.

சொல்ல வேண்டியதைச் சொன்னதும் குரல் நின்றுவிடும். மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார் வரும். ஸ்வரம் ஸ்வரமாக வெட்டாமல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போவார் கில்மோர். நம் ஜாரு மாதிரி. அந்த இடத்தில் வாட்டர்ஸ் இருந்திருந்தால் இன்னும் நாலு வரி எழுதிக் கெடுத்திருப்பார். கோபப்படாதீர்கள்.

சனிக்கிழமை ஈலிக்குப் போனேன், ரயிலில் கால் மணி நேரம். ஆல்பத்தின் அட்டைப்படத்தில் இரண்டு பெரிய உலோகத் தலைகள் ஒன்றையொன்று பார்த்து நிற்குமே, அது அந்த ஊர்ப் பக்கத்து வயல். தலைகளுக்கு நடுவே எட்டத்தில் தெரிவது ஈலி கதீட்ரல். எந்த வயல் என்று கடைசிவரை பிடிபடவில்லை. சேறு மட்டும் முழங்கால் வரை.

பாட்டு முடிந்ததும் உடனே நிறுத்திவிடாதீர்கள். கொஞ்சம் மௌனத்துக்குப் பிறகு ஒரு டெலிபோன் பேச்சு வரும். குழுவின் மேனேஜர் ஸ்டீவ் ஓரூர்க் கூப்பிடுகிறார், எடுப்பது பாலியின் சின்னப் பையன் சார்லி. அவன் பாட்டுக்கு ரிசீவரை வைத்துவிடுகிறான்.

பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். அத்தையிடம் சொன்னால் போட்டுக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணுகிறேன். சார்லி மாதிரி வைத்துவிடாதீர்கள்.

உங்கள்,
ரவி