முதலில் பானெட்டைத் திற

சாவி உன் கைக்கு வந்தாயிற்று, கண்ணு. இனி அந்த 2008 பொலேரோ உன் பொறுப்பு. வால்பாறை வேலைக்குப் பழைய வண்டியா என்று உன் அப்பா முணுமுணுத்தான். எனக்கு அந்தக் கவலை இல்லை. உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் ஊருக்கு ஒருவர் இருப்பார்.

பழைய வண்டி திடீரென்று நின்றுவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது பொய். ஒரு மாதமாகவே ஏதாவது காட்டிக்கொண்டு இருந்திருக்கும், ஓட்டுகிறவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்.

காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. உடனே புது பேட்டரி வாங்கக் கிளம்பாதே. பானெட்டைத் திறந்து டெர்மினலைப் பார். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கரண்ட் போக வழியில்லை. மைனஸை முதலில் கழற்று. வண்டியின் பாடி முழுக்க மைனஸ்தான். பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். வெந்நீர் ஊற்றித் தேய்த்துத் துடைத்து, இறுக்கமாக மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவு. சின்ன மல்டிமீட்டர் ஒன்று டேஷ்போர்டில் கிடக்கட்டும். இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட், ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்டினால் நல்லது. ஓடும்போதும் 12-லேயே நின்றால் பேட்டரியைத் திட்டாதே; பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பார்.

புகையையும் கவனி. கறுப்பாக வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம். அதற்கு மட்டும் தாமதிக்காமல் பட்டறைக்குப் போ.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளில் ஒரு கண் இருக்கட்டும். முள் மேலே போனால் ஏசியை நிறுத்து, ஹீட்டரை முழுதாகத் திற. உனக்கு வேர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரங்கட்டி அணைத்துவிடு. ரேடியேட்டர் மூடியை மட்டும் அப்போது தொடாதே. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் நூறு டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். அரைமணி நேரம் போனாலும் பரவாயில்லை, கை வைத்தால் சுடாத பிறகு திற.

ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குப் பயம். ஏறிய கியரிலேயே இறங்கு. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அந்தக் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறும். பிரேக் ஆயில் வருடக்கணக்கில் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அந்த ஈரம் ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிப் போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடு. பெரிய செலவில்லை.

டீசல் ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் தேங்கும். திருகைத் தளர்த்தி ஒரு கிண்ணத்தில் பிடித்தால் அடியில் தனியாகத் தெரியும். டேங்க் காலியாகி ஏர் பிடித்துவிட்டால், செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியைத் தீர்க்காதே. காற்றுத் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கு. நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்கு.

பட்டறையில் எதை மாற்றினாலும் கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கு. சந்தேகம் என்றில்லை, எங்கே தேய்ந்தது என்று உன் கண்ணால் பார்க்கத்தான்.

டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சடித்திருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியிலும் அந்த இலக்கத்தைப் பார். காற்றடிக்கும் பையன் நாலு சக்கரத்தோடு போய்விடுவான், நீதான் அஞ்சாவதையும் கேட்டு அடிக்கச் சொல்ல வேண்டும்.