பஸ் வாந்திக்காரன் விண்வெளிக்குப் போன கதை

பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்களுக்கு என்று ஒரு தனி வாழ்க்கை உண்டு. ஜன்னல் சீட், கையில் எலுமிச்சம்பழம், சட்டைப் பையில் மடித்து வைத்த பிளாஸ்டிக் கவர், கிளம்பும் முன் "ரெண்டு இட்லி போதும்மா" என்கிற முன்ஜாக்கிரதை. நாமக்கல் பக்கத்து ஊர்க்காரனான ஒரு பி.காம். மாணவனும் அந்த ரகம்தான். கொல்லிமலைக்குப் போகும் பாதையில் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலாவில் அவன் பன்னிரண்டாவது வளைவைத் தாண்டவில்லை. அன்றிலிருந்து கூடப் படித்தவர்கள் வைத்த பெயர் 'பன்னெண்டு'. கல்லூரிக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

அப்படிப்பட்டவனிடம் போய், தலையில் மாட்டும் வி.ஆர். ஹெட்செட்டை நீட்டினால் எப்படி இருக்கும்?

நீட்டியது பெரியப்பா மகன். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. லீவுக்கு வந்தபோது கம்ப்யூட்டரோடு, யாரிடமோ இரண்டாம் கையாக வாங்கிய குவெஸ்ட் 2 ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அரைக் கிலோ எடை. முகத்தில் மாட்டினால் ஏதோ முறத்தைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

"வேணாண்ணா, எனக்கு ஒத்துக்காது."

"உக்கார்ரா. ஒரு மாதிரி இருந்தா உடனே சொல்லு, கழட்டிடலாம். கீபோர்டு மேல மட்டும் எடுத்துடாத."

திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்த அப்பத்தாவுக்கு ஒரே சந்தேகம். "ஏஞ்சாமி, கண்ணக் கட்டிக்கிட்டு என்னத்தப் பாக்கற?"

அவன் பார்த்தது ஒரு விண்கலத்தின் உள்பக்கம். விளையாட்டின் பெயர் எலைட் டேஞ்சரஸ். இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1984-ல் டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டருக்காக 'எலைட்' என்று ஒரு விளையாட்டை எழுதினார்கள். அந்தக் கம்ப்யூட்டரின் மொத்த நினைவகமே 32 கிலோபைட். இன்று வாட்ஸப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் கூட அதற்குள் அடங்காது. அதில் எட்டு கேலக்ஸிகள், ஒவ்வொன்றிலும் 256 கிரக அமைப்புகள் என்று வைத்தார்கள். முப்பது வருஷம் கழித்து, 2014 டிசம்பரில், பிராபெனின் நிறுவனம் எலைட் டேஞ்சரஸை வெளியிட்டது. இந்த முறை பால்வீதி முழுவதும், உண்மை அளவில், சுமார் 40,000 கோடி விண்மீன் அமைப்புகளோடு. எல்லாவற்றையும் ஒருவர் சுற்றிப் பார்க்க முடியுமா என்று கேட்காதீர்கள். ஒரு விநாடிக்கு ஒன்று என்று பார்த்தாலும் பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும்.

சரி, வாந்தி விஷயத்துக்கு வருவோம்.

வரவில்லை! அதுதான் ஆச்சரியம்.

முதல் ஐந்து நிமிஷம் அவன் எதையும் ஓட்டவே இல்லை. குனிந்து பார்த்தால் மடி தெரிகிறது, கால் தெரிகிறது. இடது கை ஒரு நெம்புகோலில், வலது கை ஒரு ஜாய்ஸ்டிக்கில். அண்ணன் மேஜையில் வைத்திருந்ததும் அதே இடத்தில் ஒரு நெம்புகோல், ஒரு ஜாய்ஸ்டிக். இங்கே கையை அசைத்தால் அங்கே அந்தக் கையும் அசைகிறது. இடது பக்கம் தலையைத் திருப்பினால் ஒரு திரை தானாகத் திறக்கிறது. அவனுடைய கைகளை யாரோ வேறு சட்டைக்குள் நுழைத்துவிட்ட மாதிரி இருந்தது.

காதுக்குள் அரைவட்ட வடிவில் மூன்று குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பினால் அதிலிருக்கும் திரவம் ஆடும், மூளைக்குத் தகவல் போகும். பஸ்ஸில் புத்தகம் படித்தால் கண் "அசையவில்லை" என்கிறது, காது "வளைவு வளைவாகப் போகிறோம்" என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் தீர்ப்பு வயிற்றுக்குத்தான் பாதகம். வி.ஆரில் இது தலைகீழ். கண் பறக்கிறது, காது நாற்காலியில் சும்மா இருக்கிறது. அப்படியானால் இங்கேயும் வாந்தி வந்திருக்க வேண்டும் அல்லவா?

காப்பாற்றியது நாற்காலி. விண்கலத்தில் கண்ணைச் சுற்றி ஜன்னல் சட்டம், மேஜை, சீட் எல்லாம் அசையாமல் நிற்கின்றன. கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பதும் நாற்காலி, இங்கே உட்கார்ந்திருப்பதும் நாற்காலி. தவிர, ஓட்டுவது அவனே. எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று முன்பே தெரியும். பஸ் டிரைவர் வாந்தி எடுத்து யாராவது பார்த்திருக்கிறீர்களா?

இந்தத் தெம்பில் அவன் கொஞ்சம் ஆடிவிட்டான். இரண்டாம் நாளே காற்றில்லாத ஒரு கிரகத்தில் கலத்தை இறக்கி, அதன் வயிற்றிலிருக்கும் சிறு வண்டியை எடுத்துக்கொண்டு ஜாலியாகக் கிளம்பினான். ஈர்ப்பு விசை குறைவு. ஒரு கல்லில் ஏறியதும் வண்டி எம்பி, காற்றிலேயே (காற்று ஏது!) மூன்று குட்டிக்கரணம் போட்டது. தொடுவானம் தலைக்கு மேல் வந்தது, காலுக்குக் கீழே போனது, மறுபடி மேலே வந்தது. ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்தான். வியர்த்துக் கொட்டியது. கண்ணைத் திறந்தபோது மூக்குக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம். அப்பத்தா ஒன்றும் கேட்கவில்லை. அந்த முகத்தை அவருக்குப் பல வருஷமாகத் தெரியும்.

(வண்டி உருண்டாலும் தொடுவானத்தை நேராகவே வைத்திருக்க செட்டிங்கில் ஒரு வசதி இருக்கிறது. அண்ணன் அதைச் சொன்னது அடுத்த நாள். இதையெல்லாம் முதலில் சொல்ல மாட்டார்கள்!)

அதன் பிறகு அவன் வண்டிப் பக்கமே போகவில்லை. அண்ணன் லீவை நீட்டித்து வீட்டிலிருந்தே வேலை பார்த்த அந்த மூன்று வாரமும், தினம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் பயணம்தான். வியாபாரம் செய்து டயமண்ட்பேக் எக்ஸ்ப்ளோரர் என்ற கலத்தை வாங்கினான். அடிப்படை விலையே சுமார் 19 லட்சம் கிரெடிட். முதலில் போனது கார்த்திகைக் கூட்டத்துக்கு. மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு ஆறு புள்ளியாகப் பார்த்தது, நீல நீலமாக, ஒவ்வொன்றும் தனித்தனிச் சூரியனாக நின்றது. அங்கிருந்து இன்னும் தூரம். வழியில் பார்த்த கிரகங்களை எல்லாம் ஸ்கேன் செய்துகொண்டே போனான். அந்தத் தகவல்களைத் திரும்பி வந்து நிலையத்தில் விற்றால்தான் காசு.

இங்கேதான் காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு சுவாரஸ்யம். கலம் வெடித்துவிட்டால் அதன் மதிப்பில் ஐந்து சதவீதம் கட்டினால் போதும், அப்படியே புதிதாகத் தருவார்கள். ஆனால் விற்காமல் வைத்திருந்த தகவல்கள் மொத்தமும் காலி. மரைன் இன்சூரன்ஸ் பாடத்தில் கப்பலுக்குத் தனி, சரக்குக்குத் தனி என்று படித்திருப்பீர்கள். இங்கே கப்பலுக்கு உண்டு, சரக்குக்குக் கிடையாது. மூன்று வார ராத்திரிகள் அவன் மடியில் இன்சூரன்ஸ் இல்லாமல் கிடந்தன.

திரும்பும் வழியில் ஒரு தாவல். தாவி முடிந்ததும் எதிரே ஒரு விண்மீன் முகத்துக்கு நேரே வந்து நிற்பது வழக்கம். அன்று இரண்டு. ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நின்ற இரட்டை. கலம் நடுவில் போய் மாட்டி, உலுக்கி நின்றுவிட்டது. வெப்பமானி ஏறியது. நூறு சதவீதத்தைத் தாண்டினால் உள்ளே இருக்கும் கருவிகள் கருகத் தொடங்கும். காக்பிட்டில் புகை. முன்னால் நெருப்பு, வலது பக்கம் நெருப்பு. மானிட்டரில் ஆடியிருந்தால் எதிரே தெரியும் நெருப்பைத் தவிர வேறொன்றும் தெரிந்திருக்காது. அவன் அண்ணாந்து, இடது பக்கம், கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்தான். ஜன்னல் ஓரத்தில் கைக்குட்டை அளவுக்குக் கொஞ்சம் இருட்டு! மூக்கை அந்தப் பக்கம் திருப்பி, நெம்புகோலை முழுக்கத் தள்ளி, தாவும் எந்திரம் மறுபடி தயாராகும் வரை வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தான். நூற்று முப்பது வரை ஏறிய வெப்பம் மெதுவாக இறங்கியது.

உள்ளங்கை இரண்டும் நனைந்திருந்தன. வயிறு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

நிலையத்தில் இறங்கித் தகவல்களை விற்றபோது ஒரு கோடி கிரெடிட்டுக்கு மேல் வந்தது. அதைப் பார்த்து உற்சாகமான அண்ணன், "ஒடிசியும் வாங்கிடலாம்டா, அதுல கலத்த விட்டு இறங்கி நடக்கலாம்" என்றார். 2021 மே மாதம் வெளிவந்த கூடுதல் பாகம் அது. அவன் ஆசையோடு எழுந்து கதவுப் பக்கம் போனான். அதாவது பட்டனை அழுத்தினான். அவ்வளவுதான். சுற்றியிருந்த விண்வெளி மறைந்து, எதிரே தட்டையாக ஒரு திரை தொங்கியது. அதில் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். டூரிங் டாக்கீஸில் உட்கார்ந்த மாதிரி.

விசாரித்ததில், நடக்கும் பகுதிக்கு வி.ஆர். வசதி செய்யப்படவே இல்லை என்று தெரிந்தது. ஹெட்செட் வைத்திருக்கும் ரசிகர்கள் அப்போதே கொதித்திருக்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனால் கணக்கும் புரிகிறது. ஆடுபவர்களில் ஹெட்செட் வைத்திருப்பவர்கள் சிறுபான்மை. அவர்களுக்காக நடை, துப்பாக்கி, ஏணி எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்ய வேண்டும். அதோடு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனை நடக்கிறான் என்று அவன் காதை நம்ப வைப்பது லேசான காரியமா? பன்னெண்டைக் கேட்டால் தெரியும் :-)

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பெங்களூர் கிளம்பினார். பெட்டியில் கடைசியாகப் போனது ஹெட்செட். பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிட அவனும் போனான். டவுன் பஸ்ஸில் வழக்கமான ஜன்னல் சீட் காலியாக இருந்தது. அதை அண்ணனுக்கு விட்டுவிட்டு, டிரைவருக்கு நேர் பின்னால், முன்கண்ணாடி முழுசாகத் தெரிகிற இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் டிரைவர் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தான். அப்பத்தா கொடுத்த எலுமிச்சம்பழம் பையிலேயே இருந்தது.