செம்மண் மேட்டில் ஒரு செம காடு!

பாண்டின்னா பீச், அப்புறம் இன்னொரு பீச், அப்புறம்... வேணாம், எடிட்டர் திட்டுவார்! அதனால வண்டியை வடக்கே விடுங்க. ஈ.சி.ஆரில் பெரிய முதலியார் சாவடி வந்ததும் இடது பக்கம் ஒரு ரோடு ஏறும். சைக்கிளில் போனால் முட்டியே சொல்லிடும், மேடு ஏறுறோம்னு. கடல் மட்டத்தில் இருந்து ஐம்பது மீட்டர் வரை உயரும் செம்மண் மேடு. அதுதான் ஆரோவில். (பாண்டி பாண்டின்னு சொன்னாலும், பெரும்பகுதி நம்ம விழுப்புரம் மாவட்டம்தான் பாஸ்!)

இப்ப ரெண்டு பக்கமும் மரம் மூடிக்கிடக்கு. ஆனா 1968 பிப்ரவரி 28-ல், 124 நாட்டு மண்ணைத் தாழியில் போட்டு ஊரை ஆரம்பிச்ச அன்னிக்கு எடுத்த போட்டோவைப் பாருங்க. ஒரு ஆலமரம், அங்கங்கே பனை. மத்ததெல்லாம் பொட்டல்!

மழை இல்லாத ஊரா? அதுவும் இல்லை. வருஷத்துக்கு சுமார் 1,200 மி.மீ. பெய்யுது. பிரச்னை என்னன்னா, பாதிக்கு மேல அக்டோபர் டு டிசம்பரில் கொட்டித் தீர்த்துடும். மரம் இல்லாத செம்மண்ணில் அடிச்ச மழை உள்ளே இறங்காம, மேல் மண்ணை அரிச்சுக்கிட்டு நேரா கடலுக்கு ஓடிடும். அப்படி அறுத்த ஓடைகள் சில இடத்தில் குட்டி பள்ளத்தாக்கு மாதிரியே இருக்கு. சிவில் பசங்க கண்டிப்பா பார்க்கணும்.

அதனால முதல் வேலை மரம் நடுறது இல்லை, வரப்பு போடுறது! சரிவுக்குக் குறுக்கே மண் கரை, ஓடையில் தடுப்பணை. விழுந்த மழை விழுந்த இடத்திலேயே நிற்கணும். அப்புறம்தான் செடி. ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த ஒரு வகை அகேசியா கடகடன்னு வளர்ந்து நிழல் கொடுத்துச்சு. இங்கே அதுக்குப் பேரே 'ஒர்க் ட்ரீ'! 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் வந்தப்ப ஏகப்பட்டது சாய்ஞ்சது. அடியில் காத்திருந்த நாட்டு மரங்களுக்கு வெயில் கிடைச்சது.

அந்த நாட்டு மரங்கள்தான் ஹீரோ. வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி... இது அமேசான் டைப் மழைக்காடு இல்லை. உலர் பசுமைமாறாக் காடுன்னு சொல்றாங்க. குட்டை மரம், தடிச்ச பளபள இலை, கோடையிலும் பச்சை. ஒரு காலத்தில் இந்தக் கிழக்குக் கரையோரம் நீளமா இருந்தது, இப்ப பெரும்பாலும் கோயில் காடுகளில் துண்டு துண்டா மிச்சம். பக்கத்திலேயே கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கு. சாமிக்குப் பயந்து யாரும் கிளை ஒடிக்காததால தப்பிச்ச காடு!

வளர்த்த காட்டுக்கு அய்யனார் காவல் இல்லையே? 2021 டிசம்பரில் 'கிரவுன்' ரோடு போட ஜே.சி.பி. வந்தது. மரங்கள் சாய்ஞ்சது. கேஸ் பசுமைத் தீர்ப்பாயம் போச்சு. 2022-ல் அது போட்ட தடையை 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. நகரம் கட்டத்தான் இடம் வாங்கினோம்னு ஒரு தரப்பு. அம்பது வருஷக் காடுன்னு இன்னொரு தரப்பு. நகரம் வேணாம்னு நான் சொல்லலை. ஆனா டிராயிங்கில் ரோட்டைக் கொஞ்சம் வளைச்சா என்ன குறைஞ்சிடும்?

டைம் இருந்தா அப்படியே திருவக்கரைக்கும் ஒரு ரவுண்டு. இதே செம்பாறை அடுக்கில், சுமார் ரெண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிப் படுத்திருக்கு. தொட்டுப் பார்த்தா பட்டை, கணு எல்லாம் தெரியும். தொப்பி எடுத்துட்டுப் போங்க, இந்த மரங்கள் நிழல் தராது!