கிழக்கே கடல்

வாப்பா வன இலாகாவில் பீட் ஒபிசர். ஒலுவிலில் எங்கள் வீட்டைக் 'காட்டு ஒபிசர்ர வீடு' என்பார்கள். அந்தப் பெயரில் மரியாதையும் இருந்தது, கொஞ்சம் வெறுப்பும் இருந்தது. தேன் போத்தலோடும் மான் இறைச்சியோடும் பின்வாசலால் வந்தவர்களை உம்மா திருப்பி அனுப்பிவிடுவா. "வாங்கித் திண்டா நாளைக்கு அவன்ட வண்டிலப் பிடிக்க வாப்பாக்கு நா எழும்பாது" என்பது அவவின் கணக்கு. பாலைப்பழத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. உதட்டில் ஒட்டிய பாலைத் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்துக்கொண்டு ஓதப்பள்ளிக்கு ஓடுவோம்.

வாப்பாவிடம் ஒரு முத்திரைச் சுத்தியல் இருந்தது. வெட்டிய முதிரைக் குற்றியின் ஓரத்தைக் கோடரியால் சீவி, மஞ்சள் வைரம் தெரிந்த இடத்தில் ஓங்கி ஓர் அடி. எழுத்துப் பதிந்துவிடும். முத்திரை விழுந்த மரம் பெர்மிட்டோடு றோட்டில் போகலாம். விழாதது களவு மரம். சுத்தியல் உம்மாவின் அலுமாரிக்குள் இருந்தது. நகைக்கும் அதற்கும் ஒரே திறப்பு.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தபோது எனக்கு ஆறு வயது. மூத்தம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு யாசீன் ஓதிக்கொண்டிருந்தா. விடிந்தபோது தென்னந்தோட்டங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. கல்முனை, மட்டக்களப்பு என்று கரை நெடுகிலும் கூரையில்லாத வீடுகள். திரும்பக் கட்டுவதற்குக் கப்பு வேண்டும், வளை வேண்டும், வரிச்சு வேண்டும். காட்டிலோ மரங்கள் வேரோடு விழுந்து கிடக்கின்றன. ஆனால் விழுந்த மரமும் அரசாங்க மரம்தான். பெர்மிட் இல்லாமல் தொடக்கூடாது.

பின்னேரம் சனம் எங்கள் வாசலில் திரண்டது. "ஒபிசர், புள்ளைகள் நனையுது. நீங்க சட்டமா பேசுறீங்க?" என்று கேட்டவர் எங்கள் சொந்த மாமா. ஏசினார்கள், அழுதார்கள். வாப்பா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மறுநாளிலிருந்து யார் வந்தாலும் "அவருக்குக் காய்ச்சல்" என்றா உம்மா. இரவில் மாட்டுவண்டில்கள் எங்கள் வேலியோரமாகப் போகும். சில்லுச் சத்தத்தை வைத்தே பாரம் எவ்வளவு என்று வாப்பாவுக்குத் தெரியும். இருட்டில் விழித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். கூரைத் தடிகள் போய்த் தீர்ந்தபின், முதிரைக் குற்றி ஏற்றிய லொறி ஒன்று வந்த இரவில் காய்ச்சல் சட்டென்று விட்டது. காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு றோட்டில் இறங்கி மறித்தார். லொறிக்காரர் உம்மாவின் வழியில் உறவு. அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கலியாணங்களுக்கு வரவில்லை. சட்டத்தில் வண்டிலுக்கும் லொறிக்கும் வித்தியாசமில்லை. வாப்பாவுக்கு இருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் போர் காட்டுக்குள் புகுந்தது. விறகுக்கும் தேனுக்கும் போன சிலர் திரும்பவில்லை. வாப்பாவின் வேலை கரைக்குச் சுருங்கியது: மணலில் சவுக்கு நடுவது. பள்ளி விட்டதும் நானும் தம்பியும் பூவல் தோண்டித் தண்ணீர் அள்ளிக் கன்றுகளுக்கு ஊற்றுவோம். 2004 டிசம்பர் 26 காலை சுனாமி அந்தச் சவுக்குகளில் பாதியை முறித்துப் போட்டது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்ட நாளில் மரக்கணக்குப் பார்க்க யாருக்கு மனம் வரும்? மையித்துகளை அடக்கி முடிந்து பல நாள் கழித்து, ஓய்வுபெற்றிருந்த வாப்பா தனியே போய், நின்ற மரங்களை எண்ணிவிட்டு வந்தார்.

ஒலுவில் துறைமுகம் அதற்குப் பிறகு வந்தது. துறைமுக அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரப்பின் கனவு அது. 2000இல் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் மௌத்தான பிறகும் ஊர் அந்தக் கனவைக் கைவிடவில்லை. டென்மார்க் கடனில் 2008இல் வேலை தொடங்கியது. 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ திறந்துவைத்தார். எங்கள் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்வது. கடலுக்குள் நீண்ட கல்லணைகள் அதை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. துறைமுக வாயும் தூர்ந்து படகுகள் உள்ளே வரத் திண்டாடின. வடக்கே மணல் வரத்தில்லாமல் ஒலுவில் கரையைக் கடல் அறுத்து, நிந்தவூர்ப் பக்கமும் போனது. வலை இழுக்கும் இடம் போனது, வாடிகள் போயின, தென்னைகள் வேர் தெரியச் சரிந்தன.

எங்கள் தோட்டமும் அந்தப் பக்கம்தான். வாப்பா காணி உறுதியை எடுத்து விரித்தார். ஆயுள் முழுக்க எல்லைக்கல் பார்த்த மனிதர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்கு எல்லைகளையும் வாசித்தார். 'கிழக்கே கடல்' என்றிருந்தது. "எழுத்தில பிழையில்ல மகன். இண்டைக்கும் கிழக்க கடல்தான்" என்றார்.

முறையிடப் போன ஓர் அலுவலகத்தில் இது இயற்கை என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், துறைமுகத்தால் வந்தது, அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். சூறாவளிக்குப் பிறகு யாரோடு சண்டை பிடிப்பது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வாசலில் வந்து நின்று ஏசியது. ஏச்சைக் கேட்ட மனிதர் எதை விடுவது, எதை மறிப்பது என்று முடிவெடுத்தார். கல்லணைக்குக் கையொப்பமிட்டவர்களில் ஒருவராவது ஒலுவிலில் குடியிருந்திருந்தால், முதல் தென்னை விழுந்த மாரியிலேயே அவருடைய வாசலுக்குப் போயிருப்போம்.