சதுரங்கமும் பல்லாங்குழியும்

விளையாட்டில் ஒருவரின் குணம் தெரிந்துவிடும் என்பார்கள். மருதனார்மடம் சந்திக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் உம்மம்மாவோடு பல்லாங்குழி ஆடுவேன். அடுத்த வீட்டு அக்காவோடு சதுரங்கம் ஆடுவேன். இரண்டிலும் பகடை இல்லை. எல்லாம் கணக்குத்தான். ஆனாலும் என் மனம் பல்லாங்குழியின் பக்கமே சாய்கிறது.

சதுரங்கத்தில் 64 கட்டங்கள், ஆளுக்கு 16 காய்கள். இந்தியாவில் பிறந்து பாரசீகம் வழியாக அரபு நாடுகளுக்குச் சென்ற விளையாட்டு இது. 10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் புகழ்பெற்றிருந்த அஸ்ஸூலி என்ற அறிஞர் இதைப் பற்றி நூலே எழுதினார். அக்கா தன் குதிரையைப் பலிகொடுத்தாவது என் ராஜாவை வளைத்துப் பிடிப்பார். எனக்கோ ஒரு சிப்பாயை இழக்கவும் மனம் வராது. காய்களை ஒன்றுக்கொன்று காவலாக நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். பொறுமையால் சில ஆட்டங்களை வென்றிருக்கிறேன். துணிவால் ஒன்றையும் வென்றதில்லை.

பந்தயம் இல்லாவிட்டாலும் சதுரங்கம் மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கருத்து. அதனால் வாப்பா ஓர் அளவு வைத்திருக்கிறார்: கிழமைக்கு ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின். மஃரிப் பாங்கு கேட்குமுன் பலகையை மூடிவிட வேண்டும்.

பல்லாங்குழியில் பக்கத்துக்கு 7 வீதம் 14 குழிகள். குழிக்கு 5 என்று 70 புளியங்கொட்டைகள் இடுவோம். இங்கே ராஜாவுமில்லை, சிப்பாயுமில்லை. அள்ளியதை எதிராளியின் குழிக்கும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை வெறுமையானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அக்குழி வெறுமையாக இருந்தால், அதற்கு அடுத்த குழியில் உள்ளது நமக்கு. எனவே அள்ளுவதற்கு முன்பே எங்கே போய் முடியும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அது என் இயல்புக்குப் பொருந்துகிறது. இவ்வகை விளையாட்டுக்கு அரபியில் மன்கலா என்று பெயர். நகர்த்துதல் என்ற சொல்லிலிருந்து வந்தது.

ஆனால் பெரிய வேறுபாடு தோல்வியில்தான் இருக்கிறது. ராஜா அகப்பட்டதும் சதுரங்கம் முடிந்துவிடும். பல்லாங்குழியில் தோற்றவர், கையிலுள்ள கொட்டைகளால் எத்தனை குழிகளை நிரப்ப முடியுமோ அத்தனையை நிரப்பி, மற்றவற்றை மூடிவிட்டு அடுத்த சுற்றை ஆடுவார். மூடிய குழிகளைப் பிறகு மீட்கவும் முடியும்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மம்மாவும் புத்தளம் போனவர். பலகை கொண்டுபோக முடியவில்லை. முகாம் மணலில் குழி தோண்டிப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைக் காட்டிக் கொடுத்தாராம். "ரெண்டு குழி மிச்சமிருந்தாலும் ஆடலாம் மகள், எழும்பிப் போகாம இருந்தாச் சரி" என்பார்.

துணிவு பழக அக்காவோடு சதுரங்கம் ஆடத்தான் போகிறேன். ஆனால் போன கிழமை 3 குழிகளோடு தொடங்கி 7 குழிகளையும் மீட்டபோது வந்த மகிழ்ச்சி, எந்த ராஜாவைப் பிடித்தும் எனக்குக் கிடைத்ததில்லை.