கண்டும் காணாதார்

ஞாயிற்றுக்கிழமைக் காலை. செய்தித்தாளை விரித்தோம். எங்கோ ஒரு நாட்டில் போர். இடிந்த சுவரருகே ஒரு தாய். அவள் மடியில் அசைவற்ற குழந்தை. “ஐயோ, பாவம்!” என்றோம், பக்கத்தைப் புரட்டினோம், இன்னும் ஒரு டம்ளர் காப்பி வேண்டுமென்று உள்ளே குரல் கொடுத்தோம்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலும் நம் மகள் இதனைக் கவனித்திருந்தாள். ஒன்றும் பேசாமல் தன் பாடநூலைக் கொணர்ந்து, “இதைச் சற்றுப் படியுங்கள், அப்பா” என்றாள்.

காரல் ஆன் டஃபி இயற்றிய ‘வார் ஃபோட்டோகிராஃபர்’ என்னும் கவிதை அது. 1985-இல் வெளியான தொகுதியில் உள்ளது. பிரிட்டனின் அரசவைக் கவிஞராக 2009 முதல் 2019 வரை விளங்கிய அவரே அப்பதவி பெற்ற முதற்பெண்மணி.

போர்க்களங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிய ஒருவன் இருட்டறையில் படச்சுருள்களைக் கழுவுகிறான். பெல்ஃபாஸ்ட், பெய்ரூட், நாம்பென் ஆகிய நகரங்கள் நினைவில் எழுகின்றன. களத்தில் நடுங்காத கைகள் இங்கே நடுங்குகின்றன. திராவகத்தில் ஒரு மனிதனின் உருவம் மெல்லத் தெளிகிறது. அவன் மனைவியின் ஓலம் நினைவுக்கு வருகிறது. நூறு படங்களில் பத்திரிகாசிரியர் ஐந்தாறையே ஞாயிறு மலருக்குப் பொறுக்குவார். வாசகரோ குளியலுக்கும் பகலுணவுக்கு முந்திய மதுவுக்கும் இடையே சிறிது கண் கலங்குவார், அவ்வளவே. படமெடுத்தவன் மீண்டும் விமானம் ஏறுகிறான்.

படித்து முடித்ததும் நம் காப்பி டம்ளரைப் பார்த்தோம். கவிஞர் சுட்டிய வாசகர் ஆங்கில நாட்டவர் மட்டுமல்லர் என்பது விளங்கிற்று.

நாம் இயல்பிலேயே கல்நெஞ்சரா? அன்று என்றும் சொல்வதற்கில்லை. ஆம் என்றும் சொல்வதற்கில்லை. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, தொலைவிலிருந்த நாம் படங்களை எவ்வாறு பார்த்தோம்? சைதாப்பேட்டையிலுள்ள தமக்கையார் வீட்டுத் தொலைபேசி மணி அடிக்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் அவர் தெருவைத் தேடினோம். மாடியில் நின்ற ஒவ்வொரு முகத்தையும் உற்று நோக்கினோம். நம் கைகளும் அன்று நடுங்கின. எவரும் பக்கத்தைப் புரட்டவில்லை.

ஆகவே, பார்க்கத் தெரியாதவரல்லேம். தெரிந்த ஊருக்கு ஒரு பார்வை, தெரியாத ஊருக்கு ஒரு பார்வை என்று பழகிவிட்டோம். அந்தத் தாயின் தெருவையும் யாரோ ஒரு தம்பி, வேறொரு நாட்டிலிருந்து, அதே படத்தில் தேடிக்கொண்டிருக்கக்கூடும் என்ற எண்ணம் நமக்கு எழவில்லை.

இவ்வெண்ணம் ஒரு போரையும் நிறுத்தாது, அதனை அறிவோம். ஆயினும், அடுத்த ஞாயிறன்று படத்தின் அடியிலிருந்த ஊர்ப்பெயரை முதலில் வாசித்தோம். மகளிடம் தேசப்படம் கேட்டு, இருவரும் அவ்வூரைத் தேடினோம். கண்டுபிடிக்க நெடுநேரமாயிற்று. காப்பி ஆறிப் போயிருந்தது.